அறுபதைக் காட்டிய முள்

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவளுக்கு முன்னால் ஒரு சிவப்பு வண்டி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். பறப்பதற்கென்றே செய்த வண்டி... அதை ஓட்டியவனோ ஊர்வலத்தில் போவதுபோல் போனான். ஸ்கூட்டரில் இருந்தபடி ஹாரன் அடித்துப் பார்த்தாள். பலனில்லை. சிக்னலில் பக்கத்தில் போய் நின்று கண்ணாடியைத் தட்டினாள்.

"சார், இது அறுபதுல போற ரோடு."

"அறுபதுலதாங்க போனேன்."

"ஐம்பதுல போனீங்க. நான் உங்க பின்னாடியேதான் வந்தேன்."

அவன் டாஷ்போர்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"உங்க மீட்டர் தப்பா இருக்கலாமில்ல?"

"என் மீட்டர் தப்பா இருக்காது சார்."

பச்சை விழுந்தது. அவள் போய்விட்டாள்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. வண்டி மீட்டர் ரிப்பேர்தான் அவள் தொழில். கடையில் இரண்டு பேர். அண்ணி முன்னால் உட்கார்ந்து போன் எடுப்பாள், வருகிறவர்களிடம் பேசுவாள். இவள் உள்ளே, விளக்குக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய சுருள்கம்பிகளோடு மல்லுக்கட்டுவாள். ஒரு தடவை சரிசெய்து கொடுத்த மீட்டர் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மூன்றாம் நாள் அந்தச் சிவப்பு வண்டி கடை வாசலில் வந்து நின்றது.

"ஸ்பீடோமீட்டர் பாக்கணும். ரோட்டுல ஒருத்தங்க தப்புன்னு சொன்னாங்க..." என்று அண்ணியிடம் ஆரம்பித்தவன், உள்ளே நிமிர்ந்து பார்த்தவளைக் கண்டு நிறுத்தினான். "அவங்கதான்."

அண்ணி திரும்பி இவளைப் பார்த்தாள். "ரோட்டுலயே ஆள் பிடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

அவன் நில அளவையாளன். ஒரு விரற்கடை பிசகினாலும் இரண்டு வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போகிற தொழில். அவள் மீட்டரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று, எது எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதையே திரும்பக் கேட்கவில்லை. நிதானமான கண்கள்... எதையும் அவசரமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாத கண்கள். அவள் வேலை செய்யும் பெஞ்சில் மீட்டருக்கு மூன்று நாள். சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, முள்ளைச் சரிக்கட்டி, அவளே வண்டியில் மாட்டிக் கொடுத்தாள்.

மறுநாளே அவன் திரும்பி வந்தான்.

"இன்னும் அப்படியேதாங்க இருக்கு."

"இருக்காது."

"நானே டேப் போட்டு அளந்த ஒரு கிலோமீட்டர். முள் அறுபதுல நிக்குது. அறுபது செகண்டுல போகணும். எழுபத்திரண்டு ஆகுது. மூணு தடவை பாத்தேன்."

"பெஞ்சுல வச்சுப் பாத்தேன் சார். மயிரிழைகூடப் பிசகல."

"பெஞ்சு ஓடாதுங்களே. வண்டிதானே ஓடுது."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப வேற இடம் பாத்துக்கோங்க" என்றாள். அவன் சாவியை எடுத்தான். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு சிவப்பு வண்டி அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

"போன் பண்ணிக் கேக்கவா?" என்றாள் அண்ணி.

"எதுக்கு?"

"வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா நீ ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைக்கற. அதுக்குத்தான்."

இவள் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி எடுத்துக்கொண்டாள். எட்டாவது நாள் மதியம், பில் புத்தகத்திலிருந்து விலாசத்தை எடுத்துக்கொண்டு அவன் அலுவலகத்துக்கே போனாள். பின்பக்கம் சிமெண்டு முற்றம். ஓரத்தில் சிவப்பு வண்டி. அவன் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

"தப்பு என்மேலதான்" என்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். "மீட்டரைப் பாத்தேன். வண்டியைப் பாக்கல. டேப் இருக்கா?"

அவனிடம் டேப் இல்லாமல் இருக்குமா... தரையில் இருபத்தைந்து மீட்டர் அளந்து சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டான். அவள், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, அதன் முனையில் அட்டையில் வெட்டிய ஓர் அம்பைச் செருகி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கியரை விடுவித்ததும் அவன் பின்னாலிருந்து தள்ளினான்.

"இந்த மீட்டருக்கு, இவ்வளவு தூரத்துக்குக் கேபிள் பதினஞ்சு சுத்து சுத்தணும்" என்றாள். "சத்தமா எண்ணுறேன், கேட்டுக்கோங்க."

பதினைந்தில் அம்பு நிற்கவில்லை. பதினாறு... பதினேழு... பதினெட்டில் கோடு வந்தது.

"இன்னொரு தடவை" என்றான் மூச்சு வாங்க. "அளவுன்னா ரெண்டு தடவை எடுக்கணும்."

இந்தத் தடவை அவன் எண்ண, அவள் தள்ளினாள். பதினெட்டேதான்.

"உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் பின் அச்சுல பல்சக்கரத்தை மாத்தியிருக்கார். வண்டி சட்டுனு கிளம்பணும்னு. அதனால கேபிள் வேகமா சுத்துது, முள்ளும் கூடக் காட்டுது. நடுவுல ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி வச்சாச் சரியாயிடும். நானே செஞ்சு தரேன்."

"அப்ப உங்க பெஞ்சும் சரி, என் டேப்பும் சரி."

"ஆமா. நான் பேசினதுதான் சரியில்ல."

தூறல் ஆரம்பித்தது. துணிக்கூரையை இழுத்துவிட்டு இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்தார்கள். முன்கண்ணாடியில் முற்றம் கலங்கித் தெரிந்தது. கேபிளிலிருந்து கையில் ஒட்டிய எண்ணெய்க் கரியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. பல்சக்கரமாத்தான் இருக்கும்னு ரெண்டாவது நாளே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம்?"

"மன்னிப்பு மட்டும் கேக்கணும்னா அன்னிக்கே போன்ல கேட்டிருப்பேன்." அவள் நிமிரவில்லை. "நேர்ல வந்தா வேற ஒண்ணும் சொல்லவேண்டி வரும்னு தோணிச்சு. அதுக்குத் தைரியம் வரத்தான் இவ்வளவு நாள்..."

அவன் டேப்பை மெல்லச் சுருட்டி முடித்தான். எதையும் அவன் உடனே சொல்வதில்லை என்று அவளுக்கு இப்போது தெரியும்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் எங்கம்மாகிட்ட சொல்லப் போறேன்."

"என்னன்னு?"

"ஒரு பொண்ணு என்னைத் தேடி வந்து, தப்பு தன்மேலதான்னு ஒத்துக்கிட்டா. அவளைத்தான் கட்டிக்கப் போறேன்னு."

"அவகிட்ட கேட்டாச்சா?"

"இப்பத்தான் கேக்கறேன்."

அவள் கரி படிந்த கையைப் புடவையில் துடைக்கப் போய், வேண்டாம் என்று நிறுத்தினாள். பிறகு அப்படியே அவன் கைமேல் வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "நான் அண்ணிகிட்ட சொல்லிக்கறேன்."