எட்டு நொடி

படம் கழுவும் இருட்டறையில் டைமரை எட்டு நொடிக்குத்தான் வைத்திருந்தான். டெவலப்பர் தட்டில் எழுந்து வந்த முகமோ கரிக்கட்டையாகக் கிடந்தது. இது மூன்றாவது தாள்.

“செத்தும் என் வேலையைக் கெடுக்குறான் பாரு” என்று முணுமுணுத்தான் தம்பி.

படத்தில் இருந்தது அவன் அண்ணன். போய் ஒரு மாதம் ஆகிறது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று அண்ணி வந்து ஸ்டூடியோவின் முன்னறையில் காத்திருந்தாள்.

உயிரோடு இருந்தவரை அண்ணன் டைமரைத் தொட்டதில்லை. வாயால்தான் எண்ணுவான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். வெளிச்சம் ஏற ஏறத் தாள் கறுக்கும் என்பதுகூட மண்டையில் ஏறாத மண்டு. வாடிக்கையாளர்கள் முன்னால் அதேபோல் இழுத்து எண்ணிக் காட்டித் தம்பி எத்தனையோ தடவை சிரிக்க வைத்திருக்கிறான். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாலே தம்பிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்லார்ஜர் விளக்கின் கீழே புதுத் தாளை வைத்தான். சிவப்பு விளக்கின் மங்கலில் மருந்தின் புளித்த நெடி தொண்டைவரை இறங்கியது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, கிளிப்பில் தொங்கிய ஈரப் படங்கள் காற்றே இல்லாமல் மெல்ல ஆடின. டைமரை அழுத்தினான்.

“ஒண்ணு...”

அவன் வாயைத் திறக்கவில்லை.

“ரெண்டு...”

பிடரிக்குப் பின்னால். அதே இழுவை.

எட்டு நொடியில் என்லார்ஜர் விளக்கு அணைந்தது. குரல் அப்போதுதான் மூன்றுக்கு வந்திருந்தது. கதவுப் பக்கம் திரும்ப முயன்றான். கால் நகரவில்லை.

“நாலு...”

விரல் நுனிகள் கறுத்திருந்தன. மருந்துக் கறை என்று தேய்த்தான். போகவில்லை. தேய்த்த இடத்தில் உணர்ச்சியும் இல்லை.

“தம்பி, ஆச்சா?” வெளியே அண்ணி.

கத்த வாயெடுத்தான். மூச்சுகூட வரவில்லை. பதில் பின்னாலிருந்து போயிற்று, நிதானமாக:

“இன்னும் கொஞ்சம் கறுக்கணும்.”

“சரிங்க” என்றாள் அண்ணி. தம்பியிடம் அவள் ஒருநாளும் ‘ங்க’ போட்டதில்லை.

“அஞ்சு...”

மணிக்கட்டு.

“ஆறு...”

தோள்.

“ஏழு...”

கழுத்து. எண்ணத் தெரியாத மண்டு, எட்டோடாவது நிறுத்தித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சினான்.

“எட்டு...”

கண்ணுக்கும் சிவப்பு விளக்குக்கும் நடுவே கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. 

“ஒம்பது...”