உத்தரத்தில் தொங்கிய கேள்வி

அன்று எங்கள் தறிக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். வீட்டுக்கு மூத்தவனான நான், பச்சையப்பன். என் தம்பி சம்பந்தம். அவன் மகள் ரேணுகாம்பாள், ஐந்தாம் வகுப்பு. நெசவாளர் சங்கத் தலைவர் சுப்பராயலு. உறைமோர் வாங்க வந்து, வாங்கிய பிறகும் போகாமல் நின்ற பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள். வேறு யாரும் இல்லை.

இருந்திருக்க வேண்டியவள் என் மகள் சாவித்திரி. சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளும் அவள் அம்மாவும் காலையிலேயே படவேட்டுக் கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். மத்தியானம் வருவதாகச் சொன்ன சுப்பராயலுவோ, என் காபி ஆறுவதற்குள் வாசலில் வந்து நின்றார்.

காரணம் இதுதான். சங்கத்து அறையில் புடவைகள் மலைபோல் கிடக்கின்றன. கேள்வி கேட்டால் சரியான புடவையைக் கம்ப்யூட்டர் காட்ட வேண்டும். அதுதான் சாவித்திரியின் கடைசி வருட வேலை. தலைவர் சம்மதித்தால்தான் அவள் அந்த அறைக்குள் போக முடியும். இல்லாவிட்டால் அவளுடைய ஒரு வருடப் படிப்பு வீண்.

"முதல்ல எனக்குப் புரியணும்" என்று முன்பே சொல்லியிருந்தார் சுப்பராயலு. "என் பொண்ணு கல்யாணத்துக்கு அரக்குப் புடவை வேணும். கரை கோபுரமா இருக்கலாம், இல்லே மாங்காயா இருக்கலாம். இதைக் கம்ப்யூட்டர் எப்படிப் புரிஞ்சுக்கும்னு காட்டுங்க."

"என் மகள் காட்டுவாள்" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் கொடுத்த வாக்குத் தவறியதில்லை.

சாவித்திரி அந்தக் கேள்வியைத் துண்டு துண்டாக அட்டைகளில் எழுதி, தரையில் அழகாகப் பரப்பி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். இப்போது தரையில் ஒரு அட்டைகூட இல்லை.

"டேய் சம்பந்தம், அட்டை எங்கேடா?"

"இதோ அண்ணா! தரையில சிதறிக் கெடந்துது. நம்பர் பாத்து வரிசையா கோத்து வெச்சிருக்கேன்" என்று பெருமையாக ஒரு சரத்தைத் தூக்கிக் காட்டினான்.

ஜக்கார்டு தறியில் பூ விழுவதற்கான அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது எங்கள் தொழில். அதற்காக, கண்ணில் படும் அட்டையை எல்லாமா கோப்பார்கள்?

"அது தறி அட்டை இல்லைடா!"

"அட்டைன்னா கோக்கத்தானே அண்ணா? ஒண்ணு மாறினாலும் பூ கோணிக்குமே!"

சுப்பராயலு மீசையை நீவினார். "சரி, படிங்க பாக்கலாம்."

சம்பந்தம் உரக்கப் படித்தான். "மற்றும். அரக்கு. அல்லது. கோபுரம். மாங்காய்."

"இன்னாப்பா இது, பேஜாரா கீது?" என்றாள் பொன்னியம்மாள்.

சம்பந்தம் அசரவில்லை. புடவைப் பெட்டியைத் திறந்து, அட்டை அட்டையாகப் படித்து எடுத்தான். நெய்து முடித்த புடவைகளில் அரக்கு எல்லாவற்றையும் எடுத்தான், ருத்ராட்சக் கரை உட்பட. கோபுரக் கரை எல்லாவற்றையும் எடுத்தான், பச்சை உட்பட. மாங்காய்க் கரை எல்லாவற்றையும் எடுத்தான், மஞ்சள் உட்பட. பெட்டி அநேகமாகக் காலியாகிவிட்டது.

"நான் கல்யாணத்துக்குக் கேட்டேன்" என்றார் சுப்பராயலு. "கடை வைக்கக் கேக்கல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"உக்காருங்க தாத்தா" என்றது ஒரு குரல். ரேணுகா. "நைனா கோத்ததுல ஒரு அட்டைகூடத் தொலையல. மாட்டுற இடந்தான் வேற."

"உனக்கு இன்னா தெரியும்?" என்றார் அவர்.

"நேத்து அக்கா எழுதும்போது நாந்தான் அட்டை வெட்டினேன். அக்காவோட புரோகிராம்ல ஒவ்வொரு துண்டும் ஒரு டப்பா மாதிரியாம். டப்பாவுல முதல்ல அது இன்னா வகைன்னு எழுதணும். கம்ப்யூட்டர் அதைத்தான் முதல்ல பாக்கும். வகை தெரிஞ்சாத்தான் மிச்சத்தை எப்படிப் படிக்கிறதுன்னு அதுக்குத் தெரியும்."

அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். முதல் அட்டையில் 'வகை: மற்றும். கீழே: 2, 3' என்று இருந்தது. இரண்டில் 'வகை: நிறம். அரக்கு.' மூன்றில் 'வகை: அல்லது. கீழே: 4, 5.' நான்கும் ஐந்தும் கரை வகை. ஒன்று கோபுரம், ஒன்று மாங்காய். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்ததை ஒருவனும் படிக்கவில்லை!

"நம்பர் வரிசைக்கு இல்ல, பேருக்கு" என்றாள் ரேணுகா. "யாரு கீழே யாருன்னு அட்டையே சொல்லுது."

சம்பந்தத்தின் முகம் சுருங்கிப் போனது. அவள் அதைக் கவனித்தாள்.

"நைனா, நான் முடிச்சுப் போட்டா அவுந்துக்கும். நீங்கதான் போடணும். உத்தரத்துல கட்டலாமா?"

அவன் முகம் மலர்ந்தது. சரத்தைப் பிரித்து, பட்டு இழையை எடுத்தான். 'மற்றும்' உத்தரத்தில் தொங்கியது. அதன் கீழே ஒரு பக்கம் 'அரக்கு', மறு பக்கம் 'அல்லது'. 'அல்லது'வின் கீழே கோபுரமும் மாங்காயும்.

"இப்ப கீழேருந்து வருவோம். கோபுரக் கரை, மாங்காய்க் கரை, ரெண்டையும் ஒரே குவியலா போடுங்க. அதான் அல்லது. மேலே மற்றும் இருக்கு. அதனால அந்தக் குவியல்ல அரக்கு மட்டும் நிக்கும். மிச்சம் பெட்டிக்குப் போவும்."

பச்சை போனது. மஞ்சள் போனது. ருத்ராட்சக் கரை குவியலுக்கே வரவில்லை. கடைசியில் பாயில் மிஞ்சியதெல்லாம் அரக்கு. கரையில் கோபுரம் அல்லது மாங்காய்.

சுப்பராயலு ஒரு புடவையைத் தடவிப் பார்த்தார். ஆனால் லேசில் விடுகிறவர் இல்லை. "என் சம்சாரம் பச்சையும் பரவால்லன்னு சொன்னா? எல்லாத்தையும் ஜல்தியா அவுப்பியா?"

ரேணுகா பேனாவை எடுத்தாள். புதிதாக இரண்டு அட்டைகள் எழுதினாள். 'அரக்கு' இருந்த இடத்தில் இன்னொரு 'அல்லது' தொங்கியது. அதன் கீழே 'அரக்கு', பக்கத்தில் 'பச்சை'. 'மற்றும்' அட்டையில் 2-ஐ அடித்து, புது 'அல்லது'வின் நம்பரான 6-ஐ எழுதினாள். மற்ற எதையும் அவள் தொடவில்லை.

சுப்பராயலு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கோத்திருந்தா சரம் முழுக்கப் பிரிச்சிருக்கணும்" என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கே சாவித்திரியை வரச் சொல்லுங்க. அறைச் சாவி தர்றேன். இந்தச் சின்னதும் கூட வரட்டும்."

"முடிச்சுப் போட நானும் வர்றேன்" என்றான் சம்பந்தம்.

"நீ வராதே!" என்றேன்.

சாயங்காலத்துக்குள் பொன்னியம்மாள் தெருவெல்லாம் ஒரு செய்தியைப் பரப்பிவிட்டாள். பச்சையப்பன் வீட்டுத் தறி பேசுகிறதாம், கேள்வி கேட்டால் புடவையை எடுத்து நீட்டுகிறதாம். பெரணமல்லூரிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்துவிட்டார்கள்.

எங்கள் தறி பேசாது. அன்று பேசியவள் ரேணுகாம்பாள்.