அமைதியான மந்தை

பட்டிக்குள் நுழைந்து வெகுநேரம் கழித்துத்தான், தான் இன்னும் ஒரு தும்மல்கூடப் போடவில்லை என்பது மருத்துவருக்கு உறைத்தது. ஆட்டு ரோமத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கால்நடை மருத்துவம் படித்த நாளிலிருந்து மூக்கைத் துடைத்துக்கொண்டேதான் ஊசி போட்டு வருகிறாள். இன்றோ ஈர ரோமமும் மூத்திரமும் புளித்த வைக்கோலும் கலந்த வாடை தடையில்லாமல் நெஞ்சுவரை இறங்கியது. சொந்த வீட்டு வாடைபோல மூக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

தகரக் கூரையில் மழை விடாமல் பெய்தது. ஆடுகள் அசையவில்லை. வெளியாளைக் கண்டால் முண்டியடித்து மூலைக்கு ஓடும் மந்தை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அசைபோட்டபடி, அவள் தரையில் கிடத்தி அறுத்துக்கொண்டிருந்த செத்த ஆட்டை வேடிக்கை பார்த்தது.

"ஒண்ணுகூட இருமல, சொறிஞ்சுக்கல," என்றார் பண்ணைக்காரர். "இதுங்க இவ்வளவு சமத்தா இருந்து நான் பார்த்ததே இல்ல டாக்டரம்மா. அப்புறம் இது மட்டும் ஏன் செத்துச்சு?"

அவள் ஈரலைப் பிளந்தாள். உள்ளே புழுக்கள் குடும்பம் குட்டியோடு குடித்தனம் நடத்தின. சுற்றிலும் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. சண்டை நடந்த தடயமே இல்லாத ஈரலை அவள் இதுவரை பார்த்ததில்லை.

பண்ணைக்காரருக்குப் புரியும்படி சொன்னாள். சில புழுக்கள் ஆட்டின் அடையாளத்தை அதன் இரத்தத்திலிருந்தே எடுத்துத் தம்மேல் பூசிக்கொண்டு, சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்துவிடும். அப்படியும் உடம்பின் காவலான எதிர்ப்புச் சக்தி சந்தேகப்பட்டு வந்தால், எதையோ சுரந்து அதைத் தட்டித் தூங்க வைத்துவிடும். காவல் தூங்கினால் மற்ற வம்புகளும் கூடவே அடங்கும். அரிப்பு அடங்கும், இழுப்பு அடங்கும், தும்மல்...

அவள் கை தானாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

அவளுடைய மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. விடுமுறையில் அம்மாவோடு இங்கே வந்தவள், ஆடுகள் குடிக்கும் தொட்டியில் கைவிட்டு அள்ளிக் குடித்தாள். பக்கத்தில் நின்று அம்மாவும்தான் குடித்தாள். அதற்குப் பிறகு மகளின் இன்ஹேலர் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. கண் பட்டுவிடக் கூடாதென்று அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியில் மருந்துக் கடையில் குடற்புழு மருந்து வாங்கினாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் வழக்கம்போலக் காது கொடுத்துக் கேட்டாள். மகள் எந்த அறையில் இருக்கிறாள் என்று அவளுடைய மூச்சின் இரைச்சலை வைத்தே சொல்லிவிடலாம். இன்று கூடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும்தான் இருந்தது.

மகள் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. புத்தகம் இல்லை, பொம்மை இல்லை. கன்னம் பளபளவென்றிருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாயைத் திறடா கண்ணா."

கரண்டியில் ஊற்றினாள். கை நடுங்கியது. பாதி தரையில் சிந்தியது.

"வேணாம்மா," என்றாள் மகள். "நான் நல்லாத்தானே இருக்கேன்."

அம்மாவுக்குள் ஏதோ அவிழ்ந்தது. இளஞ்சூடாக. மெல்லப் பரவியது.

கை நடுக்கம் நின்றது.

பயம் எங்கே? இப்போதுதான் இருந்தது. தேடினாள். இல்லை. இது என் அமைதி இல்லை, என்று நினைத்தாள். கொடு. இப்போதே கொடு. என் குழந்தை.

கை கரண்டியைக் கீழே வைத்தது.

மகளின் கண்வெள்ளையில் ஒரு நூல் நெளிந்தது. நின்றது. மறுபடி நெளிந்தது. கருவிழியின்மேல் ஏறியது. மகள் இமைக்கவில்லை.

அம்மா அவள் முடியைக் கோதிவிட்டாள். அது நிதானமாகக் கண்ணைக் கடந்து முடிக்கும்வரை, இருவரும் சிரித்த முகமாய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.