நாற்பத்தோரு கிலோ

திங்கட்கிழமை காலை விமானம் நாற்பத்தோரு கிலோ கூடுதலாக இருந்தது.

விமானம் என்றால் திரையில் இருக்கும் விமானம். எண்பது வருடத்துக்கு முந்தைய போரில் குண்டு போட்டது, இரட்டை என்ஜின். இன்று ஒன்றுகூட மிச்சமில்லை. மிஞ்சியவை பதினோராயிரம் வரைபடத் தாள்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு தகட்டையும் அதை இணைக்கும் ரிவிட் ஆணியையும் அதே அளவில், அதே உலோகத்தில் கணினிக்குள் மறுபடி உண்டாக்குவதென்று அண்ணனும் தம்பியுமாக உட்கார்ந்தார்கள். ஆறு வருடம் ஆயிற்று. மூக்கும் இறக்கையும் அண்ணன் பங்கு, வால் தம்பி பங்கு. தம்பி எட்டு மாதத்துக்கு முன் போய்விட்டான்.

அந்தக் காலத்துத் தொழிற்சாலை எழுதிவைத்த எடைப் பட்டியல் ஒன்று இருந்தது. கணினி எல்லாப் பாகத்தின் எடையையும் கூட்டிச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் வேலை சரி. போன வெள்ளிக்கிழமை ஒத்துப்போயிற்று. சனியும் ஞாயிறும் அறை பூட்டிக் கிடந்தது. சாவி அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். நுழைவுக் கூடத்துச் சுவர் முழுக்க விமானம், கீழே அண்ணனின் பெயர். எடை ஒரு கிலோ தப்பினாலும் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

அவர் பதறவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு ஒன்று உண்டு. வைத்த பாகத்தை மறந்து, அதே இடத்தில் இன்னொரு முறை வைத்துவிடுவது. ஒன்றுக்குள் ஒன்று அச்சாகப் பொருந்திக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும், எடை இரண்டு சொல்லும். அது எங்கே என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. எடை எவ்வளவு கூடியது, சமநிலைப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால் போதும். சீசா பலகையின் ஆட்டத்தை வைத்தே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வது மாதிரிதான்.

விமானத்தின் உடம்பில் மூக்கிலிருந்து வால் வரை விலா எலும்பு போல முப்பத்து நான்கு வளையங்கள். கணக்கு முப்பத்தோராவது வளையத்தைக் காட்டியது. வால் துப்பாக்கிக்காரனின் இருக்கை. தம்பி வரைந்தது.

அங்கே எதுவும் இரண்டாக இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி கணக்குப் போட்டார். இருபத்தெட்டாவது வளையம் வந்தது. முந்தின நாள் நாம்தான் தப்பாகக் கூட்டியிருப்போம் என்று நினைத்தார். பாகங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தார். இறக்கை போயிற்று, என்ஜின் போயிற்று, தோல் போல மூடியிருந்த அலுமினியத் தகடுகள், உள்ளே ஓடிய கம்பிகள், குழாய்கள், கடைசியில் வளையங்கள் எல்லாம் போய்த் திரை வெறும் சாம்பல் நிறமாக நின்றது. கீழ் மூலையில் எடை பூஜ்யம் ஆகவில்லை.

நாற்பத்தொன்று புள்ளி மூன்று.

அறையில் கணினியின் காற்றாடி மட்டும் சுற்றியது. நகலெடுத்தபோது தாள்களில் ஏறிய பழைய அமோனியா நெடிக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. படுக்கைப் புண்ணுக்குத் தூவும் பவுடர். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெயில் உள்ளே வந்தது. வாசனை போகவில்லை.

தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் மடிக்கணினியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு வால் வரைந்தான். ஒருநாள் முடிந்த வால் தாள்களை அண்ணன் கைபேசியில் காட்டினார். தம்பி ஒரு தாளின் வலது மூலையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினான். வரைந்தவர் பெயர் வருகிற கட்டம் அது.

"என் பேரு எங்கண்ணே?"

அவசரத்தில் விட்டுப்போயிற்று, சேர்த்துவிடுகிறேன் என்றார் அண்ணன். உண்மையில் அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. வாலில் நாலைந்து இடத்தைத் திருத்தியது நான்தானே என்று அதற்கு முன்பே தனக்குத்தானே சொல்லி முடித்திருந்தார். தம்பி கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். சிரிக்கத்தான் பார்த்தான்.

"ஒரு ரிவிட் விட்டுப்போனா எகிறுவே. ஆளையே விட்டுட்டியே."

அப்புறம் ஒன்பது நாள் இருந்தான். அதைப் பற்றிப் பேசவில்லை.

புதன்கிழமை இருபத்து நான்கு. மதியம் பார்த்தபோது இருபத்து மூன்று. வால் பக்கம் உடம்பு குறுகலாக இருக்கும், ஆள் நிமிர முடியாது, தவழ்ந்துதான் வர வேண்டும். அந்த வேகம்தான்.

அருங்காட்சியகத்து அதிகாரி அம்மாளைக் கூப்பிட்டு, எடையில் சின்னச் சிக்கல் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் கலகலப்பானவர். பழைய விமானங்களில் எலி குடியிருந்து பார்த்திருக்கிறேன், உங்களுடையதில் ஆளே குடியிருக்கிறாரா என்று கேட்டுச் சிரித்தார். பிறகு நல்ல சேதி ஒன்று சொன்னார். காணாமல்போன தாள் கிடைத்துவிட்டது, அனுப்பியிருக்கிறேன். வயிற்றுப்பக்கத்து வெளிவாசல், பதினெட்டாவது வளையம்.

அந்தத் தாள் இல்லாததால் அண்ணன் அந்த இடத்தை, பட்டியலில் வாசலுக்குச் சொன்ன அதே எடையுள்ள தகட்டால் மூடிவைத்திருந்தார். முழு விமானத்திலும் வெளியே வர வேறு வழி வரையப்படவில்லை.

வியாழக்கிழமை காலை பதினெட்டு.

பத்து மணிக்குப் பதினெட்டு. பதினோரு மணிக்கும் பதினெட்டு. அது நகரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கணக்குப் போடும்போதும் சமநிலைப் புள்ளி கொஞ்சம் பிசகியது. இடது பக்கம் இரண்டு விரல். வலது பக்கம் இரண்டு விரல். இடது. வலது. குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் காத்திருப்பவன் கால் மாற்றுவது போல.

தம்பி மனைவிக்குப் போன் செய்தார். எட்டு மாதத்தில் இவர் செய்த முதல் போன். அவள் நலம் விசாரித்தாள். இவர் விசாரிக்கவில்லை.

"கடைசியில அவன் என்ன எடை இருந்தான்?"

அவள் சொன்னாள்.

"நாப்பத்தி ஒண்ணு. கல்யாணத்தப்ப எழுபத்திரண்டு. ஆஸ்பத்திரியில கட்டிலோட சேத்து நிறுப்பாங்க, கட்டிலைக் கழிச்சுட்டுச் சொல்லுவாங்க. எதுக்குக் கேக்கறீங்க அத்தான்?"

சும்மாதான் என்றார்.

"நாளைக்கு ஒப்படைக்கறீங்களாமே. ஒரு ஓரமா அவர் பேரையும் போட்டுட்டா போதும். வேற ஒண்ணும் கேக்கலை."

"பாக்கறேம்மா."

போனை வைத்தார். வால் தாள்கள் மூவாயிரத்துச் சொச்சம். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பெயரை மாற்றக் கட்டளை உண்டு. இரண்டு நிமிட வேலை. மூலைக் கட்டத்தைத் திறந்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் கர்சர் துடித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் இரண்டானால் சுவரில் எழுத்து சின்னதாகிவிடும்.

கட்டத்தை மூடினார். புதிதாக வந்த தாளைத் திறந்தார்.

வெளிவாசல் வரையச் சாயங்காலம் வரை ஆயிற்று. சட்டம், கீல்கள், தாழ்ப்பாள், இருபத்தாறு ரிவிட். இடையில் புள்ளி ஆடுவது நின்றுவிட்டது. அது கவனிக்கிறது என்று தோன்றியது. பவுடர் வாசனை தொண்டை வரை வந்தது. தகட்டை வெட்டினார். கதவைப் பொருத்தினார். கீழ்ப்பக்கமாகத் திறந்துவிட்டார்.

எடையைக் கூட்டச் சொன்னார்.

சரியாக இருந்தது. பட்டியலில் என்னவோ அதேதான், கிராம் பிசகவில்லை. அவர் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, போய்த் தொலைந்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகுதான் தம்பியை அப்படிச் சொன்னது உறைத்தது. திருத்திக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். விமானம் மொத்தமும் ஒரு சின்ன கணினி வட்டுக்குள் அடங்கி, பையில், பின்சீட்டில் கிடந்தது. காரை எடுத்துத் தெருமுனை தாண்டியதும் முன்பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. டிங். டிங். டிங். பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

அங்கே ஒரு தாள்கூட இல்லை. வழியெல்லாம் அடித்தது. அருங்காட்சியகத்துக்கு முந்தின சிவப்பு விளக்கில் நிறுத்தினார். சீட்டுக்கு அடியில் எடையை உணரும் கருவி ஒன்று உண்டு, அது பழுதாகிவிட்டது, வேறென்ன. பெல்ட்டை மாட்டிவிட்டால் வாயை மூடும். எட்டி இழுத்தார். மாட்டினார்.

சத்தம் நின்றது.

பெல்ட் சீட்டில் படியவில்லை. சாய்வாக, அந்தரத்தில், ஒரு நெஞ்சின் குறுக்கே போவது போல நின்றது.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பெல்ட் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.