பத்து அங்குலக் கற்கள்

ஓடீல் பெலாஞ்சே தீயணைப்பு நிலையத்துக்குள் வந்தபோது ஒரு கையில் துணி மூடிய ப்ளாய் அப்பத் தட்டு, மறு கையில் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம். தட்டை மேசையில் வைத்தார். கடிதத்தை மட்டும் உடனே விடவில்லை.

"தரை கருகினது போகட்டும், லூசியென். என் வீட்டுக்காரரு பேரைக் கருக்கிட்டாங்களே, அதைத்தான் தாங்க முடியல."

லூசியென் டேக்ல் இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரின் விறகு அடுப்புகளைச் சோதிப்பவர். வாயைத் திறக்கக் காசு கேட்பார் என்று ஊரில் கேலி உண்டு. அவர் படித்ததைத் தோளுக்குப் பின்னால் நின்று க்ளோடெட்டும் படித்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மிச்ச நேரத்தில் தீயணைப்புத் தொண்டர். அதற்கும் மிச்சமிருந்தால் துப்பறிவாள்.

கடிதம் சொன்னது இதுதான். அடுப்புக் கதவுக்கு முன்னால் பதினெட்டு அங்குலம் கல்தளம் வேண்டும். இந்த வீட்டில் எட்டுதான் இருக்கிறது. தணல் கல்லைத் தாண்டி மரத்தரையில் விழுந்திருக்கிறது. கல் பதித்தவர் அர்மான் பெலாஞ்சே, தவறு அவருடையது.

அர்மான் மார்ச்சில் இறந்துவிட்டார். பள்ளத்தாக்கில் நாற்பது வீட்டு அடுப்புகள் அவர் பதித்த கல்லின் மேல்தான் நிற்கின்றன. கடித விஷயம் கசிந்த நாளிலிருந்து நாற்பது வீட்டிலும் ஆட்கள் அளவு நாடாவோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"அவரு கூடப் பிறந்த தம்பி ரெனால்டே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்காரு, 'அண்ணன் அளவு தப்பாப் போட்டுட்டான்'னு," என்றார் ஓடீல்.

மூவரும் வீட்டுக்குப் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய கல்லடுக்கு ஒன்று இருந்தது. துப்பு கிடைத்த ஆசையில் க்ளோடெட்டுக்கு உள்ளங்கை அரித்தது.

அடுப்பு கூடத்தின் மூலையில் இருந்தது. அதன் கதவு ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலோரம் அர்மானின் நாற்காலி, கருகிய தரைக்கு ஓரடி தள்ளி. ஓடீல் சமையலறைப் பக்கமிருந்த விறகுப் பெட்டியில் ஒரு கட்டையை எடுத்து, அடுப்பைச் சுற்றி ஜன்னல் பக்கம் வந்து, கதவைத் திறந்து போட்டார். புகைக்குழாய் அடுப்பின் தலையிலிருந்து நேராகக் கூரைக்குள் போனது.

"பிடிச்சிட்டேன்," என்று கிசுகிசுத்தாள் க்ளோடெட். "ரெனால்டு ரெண்டு வரிசைக் கல்லைப் பேத்து கொட்டகைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்காரு. அண்ணன் மேல பொறாமை!"

"கல்லோரத்து மரச்சட்டத்தைப் பாரு," என்றார் லூசியென். "பழைய பெயின்ட், கீறல்கூட இல்ல. எப்படிப் பேத்திருப்பாரு?"

அவர் முட்டி போட்டு அளந்தார். ஜன்னல் பக்கம் எட்டு. பிறகு, யாரும் அளக்காத சமையலறைப் பக்கம். அங்கே நெடுநேரம் கல்லைத் தடவினார். வெளியே போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து வந்தார். "ரெனால்டைக் கூப்பிடு," என்றார்.

ரெனால்டு வந்து தொப்பியைக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்.

"அர்மான் பதினெட்டுதான் போட்டாரு," என்றார் லூசியென். "சமையலறைப் பக்கம் போட்டாரு. அங்கே கல்லுல முப்பது வருஷத் தணல் தழும்பு இருக்கு. ஜன்னல் பக்கம் நாலஞ்சு புதுப் பொட்டு. விறகுப் பெட்டி கதவுகிட்டதானே இருக்கணும்? இங்கே கதவு ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். குழாய் தலையில இருக்கறதால அதைத் தொந்தரவு பண்ணாம அடுப்பைக் கால்வட்டம் சுத்திடலாம். அப்படிச் சுத்தினதுல பழைய முன்பக்கம் பக்கவாட்டாச்சு, பக்கவாட்டு முன்பக்கமாச்சு. பக்கவாட்டுக்கு எட்டு போதும். முன்பக்கத்துக்குப் போதாது. ஆனா ஒத்த ஆளால இந்த இரும்பைத் திருப்ப முடியாது, ரெனால்டு."

ரெனால்டு தலை குனிந்தார்.

ஓடீல்தான் முதலில் பேசினார். "நான்தான் திருப்பச் சொன்னேன். செப்டம்பர்ல. தம்பிதான் அடுப்பைத் தூக்க ஜாக்கியோட வந்தாரு. அதே கல்லு, அதே அடுப்பு, முகம்தானே திரும்புதுன்னு நினைச்சேன்." அவர் நாற்காலியைப் பார்த்தார். "கடைசிக் குளிர்ல அவரு அங்கேயே கிடந்தாரு. அங்கேருந்து பாத்தா வெறும் கறுப்பு இரும்புதான். 'தீயைப் பாக்கணும் ஓடீல்'னு கேட்டாரு. அப்புறம் அவரே, 'பனி உருகட்டும், திருப்பிடலாம்'னாரு. பனி ஏன் உருகணும்னு நான் கேக்கவே இல்ல. போனப்புறமாவது பாக்கட்டும்னு..."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!" என்று ரெனால்டின் பக்கம் பாய்ந்தாள் க்ளோடெட்.

"கம்பெனி ஆளு அளக்க வந்தப்பதான் புரிஞ்சுது," என்றார் ரெனால்டு. "அண்ணிகிட்ட எப்படிச் சொல்றது, நீங்கதான் அவன் வீட்டை எரிச்சீங்கன்னு? செத்தவனுக்கு வலிக்காது. அதான் அவன் தலையில போட்டேன்."

"எனக்கு வலிக்கும்னு தோணலயா?" ஓடீல் மேசையைத் தட்டினார். "நாப்பது வீட்டுல அவரு மானம் கிடக்கு. நான் ஒருத்தி முட்டாளா இருந்தா என்ன போச்சு?"

லூசியென் எழுந்து கொட்டகைக்குப் போய், கல் ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். சாம்பல் நிறப் பலகைக்கல். எங்கும் சிமென்ட் ஒட்டவில்லை.

"இது பேத்த கல் இல்ல, க்ளோடெட். இன்னும் பதிக்காத கல். அகலம் அள."

"பத்து," என்றாள் அவள். பிறகு வாய்க்குள் கூட்டிப் பார்த்தாள். எட்டும் பத்தும்.

"படுக்கறதுக்கு முன்னாடியே அவரு கல்லை வெட்டி வெச்சிட்டாரு, ஓடீலக்கா. அதுமேல பனி மூடிடுச்சு. அது உருகினாத்தான் எடுத்துப் பதிக்க முடியும். அதுக்குத்தான் பனி உருகணும்னாரு."

ஓடீல் இரண்டு கையாலும் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டார். அழுதது ரெனால்டுதான்.

பிறகு ஓடீல் தாள் கேட்டு வாங்கி எழுதினார்: அடுப்பைத் திருப்பச் சொன்னது நான், என் கணவர் அளவு சரி.

"இதை அனுப்பினா கம்பெனி ஒண்ணும் தராது," என்றார் லூசியென்.

"தராட்டிப் போகட்டும்."

மறுநாள் மதியம் கருகிய பலகைகளை எடுத்துவிட்டு ரெனால்டே கல்லைப் பதித்தார். அர்மான் வெட்டியவை ஒன்றுகூட மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை. லூசியென் நாடாவை அடுப்பிலிருந்து நாற்காலிவரை இழுத்துப் பார்த்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"முப்பத்தாறு அங்குலம் இருக்கணும், அக்கா. இதைவிடக் கிட்ட வரக்கூடாது."

க்ளோடெட் பிடித்திருந்த நாடாவின் மறுமுனையை விட்டுவிட்டு விலகி நின்றாள். ஓடீல் கதவைத் திறந்து ஒரு கட்டையைப் போட்டார். வெளிச்சம் புதுக்கல்லைத் தாண்டி நாற்காலியின் காலியான இருக்கைமேல் விழுந்தது.

"எட்டு மாசமா எட்டாத தூரத்துல இருக்காரு," என்றார். "மூணு அடி எனக்குப் பக்கம்தான்."