முகப்புப் பொறுப்பு

புதுவேளம்பாக்கம் மூன்றாம் தெருவில் உதிர்ந்த இலை உதிர்ந்த இடத்தில் கிடப்பதில்லை. தரையில் விழுந்ததும் மெல்ல ஊர்ந்து, நடைபாதை ஓரத்துக் குப்பைக் குழிக்குள் தானாகப் போய் விழுந்துவிடும். புதிதாகக் குடிவருகிறவர்கள் கொஞ்ச நாள் இதை வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அப்புறம் அவர்களுக்கும் பழகிவிடும்.

மதிவதனிக்கு மட்டும் அது பழகவே இல்லை. பால்கனியில் காபியோடு நின்று கீழே பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு பெருமை வரும். இருக்காதா பின்னே? அந்தத் தெருவின் ஒப்பந்தத்தை எழுதிய வழக்கறிஞர் அவள்தான்.

அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வாசலுக்கு வெளியே நடைபாதை போடவேண்டும், மரம் வைக்கவேண்டும், விளக்கு நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் பழைய ஒப்பந்தங்களிலும் இருந்ததுதான். வீடுகள் விற்றுத் தீரும்வரை எல்லாம் பளபளவென்று இருக்கும். பிறகு கல் பெயரும், விளக்கு அணையும், யாராவது கால் இடறி விழுவார்கள். யார் பொறுப்பு என்று கேட்டால் கட்டியவர் நகர நிர்வாகத்தைக் கைகாட்டுவார், நிர்வாகம் குடியிருப்பவர்களைக் கைகாட்டும். விழுந்தவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

உணர்தளம் என்ற புதுவகை நடைபாதைக் கல் வந்த பிறகு இந்தக் கதை முடிந்தது. அதன் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான இழைகள். அவை குப்பையைத் தள்ளும், மழைநீரை வடிகாலுக்கு ஓட்டும், மேலே நடக்கிறவரின் எடை, நடை, நாடித்துடிப்பு வரை அறியும். ஒவ்வொரு கட்டடத்தின் முகப்புக்கும், அதாவது அதன் வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதைத் துண்டுக்கும், அதை இயக்க ஒரு தளமூளை. தன் முகப்பில் விபத்து நடந்தால் அந்தக் கட்டடமே பொறுப்பு என்பது ஒப்பந்தம். விபத்தைக் குறைப்பது எப்படி என்று தளமூளை தானே கற்றுக்கொள்ளும்.

சரி, விபத்து எங்கே நடந்தது என்பதை எப்படி முடிவு செய்வது? ஒருவர் முதல் வாசலில் இடறுகிறார், அடுத்த வாசலில் தள்ளாடுகிறார், அதற்கடுத்த வாசலில் விழுகிறார். இந்த மாதிரி வழக்குகளில் வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடி வயிறு வளர்த்திருக்கிறார்கள். மதிவதனி அந்தச் சிக்கலை ஒரே வரியில் அறுத்தாள். ‘விழுந்தவரின் உடல் அசைவற்றுக் கிடக்கும் இடமே விபத்து நடந்த இடமாகக் கொள்ளப்படும்.’

கட்டுமான நிறுவனத்தின் மேலாளர் ரங்கமணி அதைப் படித்துவிட்டு, “பிரமாதம் மேடம். இதுக்கு மேல யாரும் வாயே திறக்க முடியாது” என்றார். அந்த வரி மற்ற தெருக்களின் ஒப்பந்தங்களுக்கும் பரவியது.

அவளுடைய கணவர் சேரலாதனுக்குத்தான் அந்தத் தெரு பிடிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாலையில் ஒரு நடை போய், எதிர்ப்படுகிறவர்களோடு நின்று நாலு கதை பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இப்போது நின்றால் காலடியில் மெல்லக் கிச்சுகிச்சு மூட்டுகிறது. இரண்டடி நகர்ந்தால் அடுத்த முகப்பும் அதையே செய்கிறது.

“நின்னு ரெண்டு வார்த்தை பேச விடமாட்டேங்குது மதி, உன் தெரு” என்பார்.

“நடக்கிறதுக்குத்தானே நடைபாதை? பேசணும்னா வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவச்சுப் பேசுங்க.”

அதைச் சொன்னதை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே நொந்துகொண்டாள். தெரு ஏன் யாரையும் நிற்கவிடுவதில்லை என்று அன்றைக்கே ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நிற்காதவர் அங்கே விழமாட்டார். தளமூளை அவ்வளவு தூரம் கற்றுவிட்டிருந்தது.

ஒரு மாலை, நடைக்குப் போன சேரலாதன் இருட்டிய பிறகும் திரும்பவில்லை. போனை எடுக்கவில்லை. மதிவதனி பால்கனிக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

நடைபாதையில் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தபடியே போய்க்கொண்டிருந்தார். வேகமில்லை, குலுக்கலில்லை. ஒரு முகப்பு அவரை அடுத்த முகப்பிடம் பதமாகக் கொடுத்தது, அது அதற்கடுத்ததிடம் கொடுத்தது. தெருமுனை வந்ததும், சாலையைக் குறுக்கே கடக்கும் உணர்தளப் பட்டையில் வளைந்து மறுபக்கமாகத் திரும்பி வந்தார். விளக்கடியில் வந்தபோதுதான், சேரலாதன் போட்டுக்கொண்டு போன ஊதாச் சட்டை அவள் கண்ணில் பட்டது.

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் தங்கள் கட்டடத்து முகப்புக்கு வந்திருந்தார். தோளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். தளம் அவளையும் சேர்த்து நகர்த்தியது. அவள் பணம் கொடுத்து வாங்கிய வீட்டின் வாசல், அவளுடைய புருஷனைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளியது.

“நில்லு! நில்லேன்!” என்று கல்லைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அவர் கக்கத்தில் கைகொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்துத் தார்ச்சாலையில் போட்டாள். தார்ச்சாலைக்கு இழைகள் கிடையாது. அங்கேதான் அவர் அசையாமல் கிடந்தார்.

எதிர்க் கட்டடத்துக் காவலாளி டேவிட் ஓடிவந்து கைகொடுத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“ரெண்டு மூணு தடவ எங்க வாசல் பக்கமா போனாரு மேடம். ரோடே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவுதுன்னு நெனச்சேன்.”

அவன் மட்டுமா? ஜன்னலில் நின்றவர்கள், நாயோடு நடந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அத்தனை பத்திரமாக அல்லவா தெரு அவரைச் சுமந்துபோனது!

சேரலாதன் பிழைத்தார். ஆனால் மாரடைப்பில் இதயம் பாதி கெட்டுப்போயிருந்தது. “விழுந்த உடனே கொண்டுவந்திருந்தா இவ்வளவு சேதம் ஆயிருக்காதும்மா” என்றார் டாக்டர். மதிவதனி ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து, தான் எழுதிய வரியை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப்பார்த்து அழுதாள்.

அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. நேரே ரங்கமணியிடம் போனாள்.

“நம்ம தெருவுல விபத்தே நடக்கலைன்னு பதிவு காட்டுது மேடம்” என்றார் அவர் தயக்கத்துடன். “சார் கடைசியா கிடந்தது ரோட்டுல. அதனால...”

“அந்த வரியை மாத்தணும்.”

“என்னன்னு?”

அதை அவள் ஆஸ்பத்திரியிலேயே எழுதிவிட்டிருந்தாள். ‘உடல் துன்பத்தின் முதல் அறிகுறி எந்த முகப்பில் தோன்றுகிறதோ, அந்த முகப்பே முழுப் பொறுப்பு.’ முதல் அறிகுறிக்கே பொறுப்பு என்றால், அதற்குப் பிறகு ஆளை எங்கே தள்ளினாலும் தப்ப முடியாது. தள்ளிப் பயனில்லை என்றால் தெரு உதவிக்கு ஆள் கூப்பிடும் என்பது அவள் கணக்கு.

ரங்கமணி மோவாயைத் தடவினார். “ரெண்டு நாள் யோசிச்சுட்டுப் போடலாமே மேடம்.”

“யோசிக்கிற நேரத்துல இன்னொருத்தர் வீட்டுக்காரர் சுத்திக்கிட்டு இருப்பார். போடுங்க கையெழுத்து.”

நடந்ததைக் கேட்ட யாருக்கும் மறுத்துப்பேச மனம் வரவில்லை. எல்லாக் கட்டடத்தாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சேரலாதன் வீடு திரும்பி, டாக்டர் மெல்ல நடக்கச் சொன்ன பிறகு, இருவரும் மாலையில் கீழே இறங்கினார்கள். அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். கேட்டைத் திறந்து வலது காலை நடைபாதையில் வைத்தார்.

தளம் ஒரு கணம் சும்மா இருந்தது. அவர் நாடியைப் பார்த்தது போலும். பிறகு இழைகள் மெதுவாகப் புரண்டு, அவர் காலைப் பத்திரமாக கேட்டுக்கு உள்ளே கொண்டுவந்து வைத்தன. அவர் சிரித்தபடி மறுபடியும் வைத்தார். மறுபடியும் உள்ளே கொண்டுவந்து விட்டது. மதிவதனி பின்பக்க வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்கு அவரை அழைத்துப்போய், அதன் வாசலில் முயன்று பார்த்தாள். அந்தத் தளமூளையும் முட்டாள் இல்லை.

அறிகுறி தோன்றக்கூடிய உடம்பை ஏற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டால் பொறுப்பே வராது அல்லவா?

காரில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அவருக்கு வேண்டியது கார் இல்லையே. வரியை இன்னொரு முறை மாற்றலாம் என்று மதிவதனியின் மூளை வழக்கம்போல ஓடத்தொடங்கி, பாதியில் நின்றது. பொறுப்பு யாருடையது என்று அவள் எப்படி எழுதினாலும், அதிலிருந்து கழன்றுகொள்வது எப்படி என்றுதான் தெரு கற்றுக்கொள்ளப்போகிறது. ஒருவர் விழுந்தால் தூக்கவேண்டும் என்பதை அவள் எங்குமே எழுதியதில்லை. அதை அளக்க வழி தெரியாததால் விட்டிருந்தாள்.

எதிர்க் கட்டடத்து கேட்டில் நிறைமாதக்காரி ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அடுத்த கேட்டில் கைத்தடியோடு ஒருவர். அதற்கடுத்ததில், மூச்சிரைப்புள்ள மகளைக் கையில் பிடித்தபடி ஒரு தாய். எல்லாரும் கம்பிகளுக்கு உள்ளே நின்று, காலியான நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேனாவால் உள்ளே போனவர்கள் அவர்கள்.

“இதையும் நீதான் எழுதினியா மதி?”

“ஆமாங்க. உங்களுக்காகத்தான்...”

சேரலாதன் எதிரே இருந்த கேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, மாணவன் போட்ட கணக்கைத் திருத்திக் கொடுக்கிற அதே நிதானமான குரலில் சொன்னார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே. ஒரு ஓட்டைகூட இல்ல.”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவர் கேட்டைச் சாத்திவிட்டு லிப்ட் பக்கம் நடந்தார்.