நூற்று அறுபத்தெட்டு வோல்ட்

"ஏனுங்க... கேக்காம கொள்ளாம பிளக்குல கைய வெக்கறீங்களே, யாருங்க நீங்க?"

பஸ்ஸுக்கு நின்று மழைக்கு ஒதுங்கியவன் திடுக்கிட்டுத் திரும்பினான். காரிமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை அது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகிய கம்பியை உருவிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் கரி. ஆனால் அந்தக் கண்கள் இருக்கின்றனவே... ஐயோ, இப்போதுதான் மழையில் கழுவி எடுத்து வைத்தது போல!

"ம... மன்னிச்சுக்கங்க. என் பேரு சவரிங்க. சேலத்துல இன்ஜினியரிங் கடைசி வருஷம்."

"இன்ஜினியருன்னா ஊரான் வூட்டுக் கரண்டு சும்மாவா?"

கடைக்காரர் சின்னப்பனின் மகள் பாக்கியமேரி. அப்பா கிணற்றுக்கு மோட்டார் மாட்டப் போய்விட்டால் கடை அவள் ராஜ்யம்தான்.

சவரி சட்டைக்குள் பத்திரமாக மறைத்திருந்த பெட்டியைக் காட்டினான். கரண்டு எத்தனை வோல்ட் வருகிறது என்று சிவப்பு எண்ணில் காட்டும் பெட்டி. உள்ளே, பெங்களூரில் வாங்கிய மைக்ரோகன்ட்ரோலர் ஐசி. 1986-ல் அதைக் கண்ணால் பார்த்தவர் அந்தப் பக்கத்தில் யார்!

"லைனை நேரா அந்த ஐசியிலயா குடுத்திருக்கீங்க?"

"ஐயய்யோ, இல்லீங்க! அது அஞ்சு வோல்ட்டுக்கு மேல தாங்காது. டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு ஒம்பதாக் குறைச்சு, டையோடு போட்டு, ரெண்டு ரெசிஸ்டன்ஸ்ல இன்னும் எறக்கித்தான் குடுக்கறேன். அந்தப் பக்கம் கை பட்டாலும் ஷாக் அடிக்காது."

"அதெல்லாம் சரி... ஃபியூஸ் எங்க?"

சவரி விழித்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு ஃபியூஸைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் சுவிட்சைப் போட விட்டாள்.

168.

சவரியின் முகம் தொங்கிப்போனது. "பாத்தீங்களா... 230 காட்டணும். எங்க வூட்லயும் இப்படித்தான். இங்கயாச்சும் சரியாக் காட்டுமான்னு பாத்தேன். நாளைக்கு புராஜெக்ட் தேர்வு. தப்பாக் காட்டுனா எனக்கு ஒரு வருஷம் போச்சுங்க."

பாக்கியமேரி கடையின் முள் மீட்டரை எடுத்து வைத்தாள். முள்ளும் 168-லேயே நின்றது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பொட்டி சரியாத்தான் இருக்குது. கரண்டுதாங்க கம்மி! சுத்துப்பட்டு மோட்டார் அத்தனையும் ஓடுது. மழை இப்பத்தான் புடிச்சுது, நிறுத்த யாரும் கெணத்துக்குப் போயிருக்க மாட்டாங்க. இந்தக் கம்மிக் கரண்டுல ஓடித்தான் காயில் எரியுது... அதனாலதான் எங்க கடையும் ஓடுது."

கரி பூசிய ஒரு பெண்ணிடமா இவன் பாடம் கேட்பான்? "புத்தகத்துல 230-ன்னுதான் போட்டிருக்குதுங்க. உங்க முள்ளு பழசு" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெட்டிக்குள் அளவைச் சரிசெய்யும் திருகைத் திருகினான். 230!

"திருகாதீங்க! உங்க காலேஜ்ல நல்ல கரண்டு வரும். அங்க இது முந்நூறைத் தாண்டிரும்."

"நீங்க எந்தக் காலேஜுங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தக் கண்கள் சட்டென்று கலங்கின...

"எட்டாவதுங்க. பஸ்ஸு வந்துருச்சு, கெளம்புங்க."

காலேஜில் நிஜமாகவே 230 வந்தால் பெட்டி எத்தனை காட்டும் என்று பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தான். முந்நூற்றுப் பதினைந்து! மாதாவே... வருஷம் மட்டுமா போயிருக்கும்? மானமும் போயிருக்கும். "நிறுத்துங்க!" என்று கத்தியவனைக் கண்டக்டர் திட்டிக்கொண்டே இறக்கிவிட்டார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் இரண்டு மைல் ஓடிவந்தான்.

"தப்புத்தானுங்க. படிச்ச திமிரு பேச வெச்சிருச்சு. கொஞ்சம் அந்த முள் மீட்டரை..."

அவள் மீட்டரை அவன் பக்கம் நகர்த்தினாள். முள்ளும் எண்ணும் ஒன்றாகும்வரை அவன் திருகினான். திருகத் திருகப் பெட்டி நகர்ந்துபோவதைப் பார்த்து, அதை அவளே பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் கடை வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"226 காட்டுச்சுங்க. வாத்தியார் மீட்டர்லயும் 226. பாஸ்!"

புதுக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "பொட்டி எங்க?"

"காலேஜ்லயே வெச்சுக்கிட்டாங்க."

"அப்ப இங்க எதை அளக்க வந்தீங்க?"

"அளக்க இல்லீங்க... சொல்ல வந்தேன். நேத்து உங்க கண்ணு கலங்குச்சு பாருங்க... அப்பப் போன நிம்மதி இன்னும் வரலீங்க. எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது. எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து உங்கப்பாகிட்ட கேக்கட்டுமா?"

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் முகம் காது மடல்வரை சிவந்துபோனது.

"போங்க நீங்க... எத்தனை சுத்துன்னு எண்ணிட்டிருந்தேன், மறந்தே போச்சு! மறுபடியும் மொதல்லேருந்து சுத்தணும்."

"ஐயோ... அப்ப நான் இன்னொரு நாள் வர்றேனுங்க."

"எங்க போறீங்க?" ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "இப்படி உக்காந்து நீங்க எண்ணுங்க. அப்பா வர்ற நேரந்தான்... மொதல்ல நீங்களே கேளுங்க."